புஷ்பவள்ளி ஒரு குடும்பம் ஆன கதை

ஜெலுத்தோங் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால், மோட்டார் பட்டறைகளைத் தாண்டிப் போனால் கம்பம் என்று அழைக்கிற ஒரு சின்னக் குடியிருப்பு வரும். இருபத்தாறு பலகை வீடுகள். வீடுகள் குடியிருப்பவர்களுடையவை, வீடுகளுக்குக் கீழே இருக்கும் மண் வேறொருவருடையது. கூரை ஒழுகினால் அது குடியிருப்பவரின் தலையெழுத்து, மண்ணின் விலை ஏறினால் அது மண்காரரின் அதிர்ஷ்டம். இந்த ஏற்பாட்டுக்கு நிலவாடகை என்று பெயர்.

புஷ்பவள்ளிக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஐம்பத்தேழு வயதில் அவர் ஒரு ராத்திரிகூடச் சொந்த மண்ணின் மேல் தூங்கியதில்லை. பிறந்தது நகராட்சித் தொழிலாளர் குவார்ட்டர்ஸில். அப்பா சாலை கூட்டினார். விளக்குமாற்றை ஒப்படைத்த அன்றே வீட்டுச் சாவியையும் ஒப்படைக்கவேண்டியிருந்தது. பிறகு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடி அறை. வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் அப்பாவால் அங்கே இருக்க முடிந்தது. கட்டுப்பாடு போனதும் அப்பாவும் போகவேண்டியதாயிற்று. இப்போது அது ஹோட்டல். அப்பா சட்டை மாட்டிய ஆணியைப் பிடுங்காமல் அப்படியே வைத்திருக்கிறார்களாம், பாரம்பரியம் என்று. அந்த ஆணியைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அப்பா சட்டை மாட்டியபோது யாரும் வந்ததில்லை.

இருபத்துநாலு வயதில் ஜெலுத்தோங்குக்கு வாக்கப்பட்டு வந்தார். புருஷன் பழனியப்பன் பஸ் ஓட்டினார். புஷ்பவள்ளி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, கடுகைவிடச் சிறிய சாமான்களில் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். கண் மங்க ஆரம்பித்ததும் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையில் கறித்தூள் பொட்டலம் போடுகிறார். மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, விண்ணப்பத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். புதுப்பிப்பார்.

பழனியப்பன் போய் ஒன்பது வருஷம். அதன் பிறகு அந்த வீட்டின் முன்பாதியில் அவர் தம்பி சுகுமாரன், மனைவி சாந்தினி, மகன் கிஷன். பின்பாதியில் புஷ்பவள்ளியும் மகள் தனுஜாவும். நடுவில் ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பலகை வந்த கதை ஒரு வெள்ளிக்கிழமைக் கதை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டில் கருவாட்டு வாசனை அடித்தது. சாந்தினி வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டார். புஷ்பவள்ளிதான் வறுத்தார் என்று அவர் சொன்னார். வறுக்கவில்லை என்று புஷ்பவள்ளி சொன்னார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் நோர்மா அன்றைக்கு என்ன வறுத்தார் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. மறுவாரம் பலகை வந்தது, அதற்கடுத்த வாரம் இரண்டாவது கேஸ் அடுப்பு வந்தது. ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அவசரமாக ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் சாந்தினி பலகையைப் பார்த்துச் சொல்வார்.

"தண்ணி நிக்கப்போவுதாம். வாளியில புடிச்சி வைக்கிறவங்க வச்சிக்கலாம்."

பலகைக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். அத்தோடு சரி.

போன வருஷம் மண்காரர் மண்ணை விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி, கம்பத்து முனையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை நட்டது. வீடும் கடையும் கலந்த நாற்பது மாடி. பின்பக்கம், சாக்கடை ஓரமாக, கம்பத்து ஆட்களுக்கு ஒரு மலிவு விலைக் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று பேச்சு. யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அமீரா என்கிற இளம்பெண்ணை அனுப்பினார்கள். கையில் டேப்லெட், காலில் கம்பத்துச் சேறு.

அவள் வந்த நேரம் புஷ்பவள்ளிக்கு விடுமுறை. பலகைக்கு அந்தப் பக்கம் சாந்தினி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்ட்டி, இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?" என்று அமீரா மலாயில் கேட்டாள்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று இறங்கியது.

புஷ்பவள்ளி அமீராவைப் பார்த்தார். சேறு படிந்த காலைப் பார்த்தார். யார் பெற்ற பிள்ளையோ, முகம் தெரியாத பிள்ளை. இந்தப் பிள்ளையிடம் போய், ஒரு வீட்டுக்கு வாழவந்த இரண்டு பொம்பளைகள் ஏழு வருஷமாக முகம் பார்ப்பதில்லை என்று சொல்வதா? பழனியப்பன் குடும்பத்து மானம் என்ன ஆவது?

"ஒன்னுதான்" என்றார். "எல்லாரும் ஒன்னாத்தான் இருக்கோம்."

"இந்தப் பலகை?"

"பூனை வரும். அதுக்கு."

அமீரா எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பும் வரவில்லை. ஏழு வருஷத்தில் சாந்தினியும் புஷ்பவள்ளியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியலைக் கம்பத்து மண்டபத்தில் ஒட்டினார்கள். பதினாலாம் எண் வீடு. குடும்பத் தலைவர் சுகுமாரன். குடும்பம் ஒன்று. கிடைக்கும் வீடு ஒன்று. கடைசிக் கட்டத்தில், அவரை நம்பி வாழ்பவர்கள்: சாந்தினி, கிஷன், புஷ்பவள்ளி, தனுஜா. பத்தொன்பது வயதில் தன் கையால் ஒரு கிளாஸ் கழுவியறியாத கிஷனுக்குக் கீழே தன் பெயரைப் பார்த்துவிட்டுப் புஷ்பவள்ளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கோணல் கண்டுபிடிப்பதில் இருபத்தாறு வருஷ அனுபவம். கோணல் இருந்தது.

பட்டியலோடு ஒரு கையேடும் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சொல் விளக்கம். அன்று மாலை தனுஜா அதை உரக்கப் படித்தாள்.

"கலப்பு மேம்பாடு. கீழ கடை, மேல வீடு."

"எங்கப்பா அதுலதான் இருந்தாரு. அப்ப அதுக்கு நெரிசல்னு பேரு."

"செட்பேக். ஒரு கட்டடத்துக்கும் எல்லைக்கும் நடுவுல விடவேண்டிய இடைவெளி."

புஷ்பவள்ளி பலகைப் பக்கம் கையைக் காட்டினார். "அதெல்லாம் சட்டம் போடாமலே நாங்க வுட்டுருக்கோம்லா."

"திறந்தவெளி. குடியிருப்பாளர்களின் பொழுதுபோக்குக்கு ஒதுக்கப்பட்ட இடம்."

"லாரி நிறுத்துற எடம். அடுத்தது படி."

"வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு." தனுஜா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "யாரோட சக்தின்னு போடலம்மா."

அதற்கடுத்த சொல் குடும்பம். அதை அவள் இரண்டு முறை படித்தாள். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, உணவையும் மற்ற அத்தியாவசியங்களையும் பகிர்ந்துகொள்பவர்கள். உறவினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

புஷ்பவள்ளி எழுந்து வந்து அந்த வரியில் விரலை வைத்தார். ரத்தம், தாலி, சாவு, வாழ்வு ஒன்றும் அதில் இல்லை. சோறுதான் இருந்தது. ஒரே பானையில் சாப்பிட்டால் ஒரு குடும்பம், இரண்டு பானையில் சாப்பிட்டால் இரண்டு. அப்படிப் பார்த்தால் ஏழு வருஷமாக அவர் ஒரு தனிக் குடும்பம். அவருக்கே தெரியாமல் போயிற்று.

மறுநாள் அவர் ஷேக் அலாவுதீனிடம் போனார். மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அவர்தான் கம்பத்துக் குழுவின் செயலாளர். கையில் கிரீஸோடு கதையைக் கேட்டவர் தலையில் அடித்துக்கொள்ளப் போய், கிரீஸ் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"என்னா அக்கா நீங்க! எல்லா வீட்டுலயும் ஒரு குடும்பத்த ரெண்டா காட்டத்தான் பாக்குறான். மூணாம் நம்பர்ல மாமியாரையே வாடகைக்கு இருக்கிறவங்கன்னு எழுதியிருக்கான். நீங்க ரெண்ட ஒன்னாக்கிக் காட்டியிருக்கீங்க!"

"வெளியாளுகிட்ட எப்படி தம்பி சண்டைய சொல்றது?"

"சொல்லித்தான்லா ஆவணும். சொல்லலன்னா அறுநூத்தம்பது சதுர அடியில சாந்தினி அக்கா குசினியிலதான் நீங்க சோறாக்கணும். அங்க பலகை போட எடம் கெடையாது."

புஷ்பவள்ளி அந்த அறுநூற்றைம்பது சதுர அடியை மனசுக்குள் அளந்து பார்த்தார். அந்த வீட்டில் தனக்கும் தனுஜாவுக்கும் எந்த மூலை என்று யோசித்தார். சாந்தினி ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது எங்க வீடு என்று சொல்லிவிட்டால் போதும். கையில் கடிதம் இருக்கும், சொல்வதற்கு உரிமை இருக்கும். இந்த வயதில் இன்னொரு சாவியைத் திருப்பிக் கொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

"அப்பீல் போடு தம்பி" என்றார்.

அப்பீலுக்குக் குடும்பத் தலைவரின் கையெழுத்து வேண்டும். ஐஸ் லாரி ஓட்டும் சுகுமாரனை அலாவுதீன் போய்ப் பிடித்தார். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படித்தது சாந்தினிதான். படித்து முடித்துப் பலகையிடம் சொன்னார்: "போவட்டும். அங்கயாவது பலகை இல்லாம காத்து வரும்."

அமீரா அப்பீலை விசாரிக்க வருவதற்கு முந்தின மாலை அலாவுதீன் வந்து, ஆணையும் பெண்ணையும் பிரித்து உட்காரவைக்கிற பஞ்சாயத்துக்காரர் மாதிரி, அண்ணியையும் கொழுந்தனையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு ஒன்னே ஒன்னுதான் கேக்கும். அண்ணி ஒங்களோட சாப்புடுறாங்களா? நீங்க என்னா சொல்லணும்?"

"இல்ல" என்றார் சுகுமாரன்.

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

"அவ்ளோதான். வேற ஒன்னும் பேசக்கூடாது."

சுகுமாரன் பொதுவாகவே வேறொன்றும் பேசாதவர். அதனால் இது சுலபம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அமீரா புதன்கிழமை பத்து மணிக்கு வந்தாள். பின்பக்கம் அடுப்பைப் பார்த்தாள். முன்பக்கம் அடுப்பைப் பார்த்தாள். இரண்டையும் படம் எடுத்தாள்.

"ரெண்டு அடுப்பு நிறைய வீட்டில் இருக்கிறது அங்கிள். ஒன்று தண்ணீர் கொதிக்கவைக்க என்பார்கள்" என்றாள். "நான் கேட்கவேண்டியது, உங்கள் அண்ணி உங்களோடு சேர்ந்து சாப்பிடுகிறாரா?"

சுகுமாரன் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் இறந்த வீட்டில், அண்ணன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தனியாகச் சோறாக்கித் தின்னவிட்ட தம்பி நான்தான் என்று, தன் மகள் வயதுப் பெண்ணிடம், அதுவும் எழுதிக்கொள்கிற பெண்ணிடம் சொல்லவேண்டும். ஒத்திகையில் வந்த 'இல்ல' அங்கே வர மாட்டேன் என்றது.

"கூடத்தான் சாப்புடுவாங்க" என்றார். "எங்க அண்ணி. எங்க போயி தனியா சாப்புடுவாங்க?"

வாசலில் நின்றிருந்த அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

புஷ்பவள்ளிக்குக் காலுக்குக் கீழே தரை, அந்தப் பிறத்தியார் மண், கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. வீடு போயிற்று என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் விநோதம். 'எங்க அண்ணி' என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டு ஏழு வருஷம். வயிறு எரியவேண்டிய இடத்தில் நெஞ்சு குளிர்ந்தது. ஏதாவது சொல்லவேண்டும், அவர் சொல்வது பொய் என்று சொல்லவேண்டும். இப்படிச் சொன்ன மனிதனை எப்படிப் பொய்யன் என்பது?

அமீராவின் விரல் திரையை நோக்கிப் போனது.

"பொய்!" என்றது ஒரு குரல்.

சாந்தினி முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். மலாயில் ஆரம்பித்தார். வேகம் கூடக் கூடத் தமிழும் கலந்தது.

"இவரு நல்லவரு வேஷம் போடுறாரு, நம்பாத. ஏழு வருஷமா எங்க குசினியில இந்தம்மா கால வச்சதில்ல. அரிசி வேற, எண்ணெ வேற, உப்பு வேற. தீபாவளிக்கு அவங்க முறுக்கு அவங்களுக்கு, எங்க முறுக்கு எங்களுக்கு. ஒரு கிளாஸ் தண்ணி மாத்திக்கிட்டதில்ல. எழுதிக்கோ!"

"சாந்தினி..." என்றார் சுகுமாரன்.

"நீங்க சும்மா இருங்க. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப கஞ்சி குடுத்துவுட்டாங்க. மூணு நாளும் குடுத்துவுட்டாங்க. ஒரு வாய் குடிக்கல நான். சாக்கடையில ஊத்துன்னு சொன்னேன். கொண்டாந்த பொண்ணு இந்தா நிக்குது, கேளு. ஊத்தினாளா இல்லையான்னு கேளு!"

அமீரா தனுஜாவைப் பார்த்தாள். தனுஜா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த மூன்று நாளும் கஞ்சித் தூக்குவாளி கழுவிச் சுத்தமாகத் திரும்பி வந்திருந்தது. சாந்தினி குடித்துவிட்டாள், கோபம் இருந்தாலும் குடித்துவிட்டாள் என்று புஷ்பவள்ளி நினைத்திருந்தார். அந்த நினைப்பில் ஒரு வருஷம் கொஞ்சம் நிம்மதியாகவே தூங்கியிருந்தார்.

"உணவு பகிர்வதில்லை" என்று அமீரா மெதுவாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள். அப்புறம் நிமிர்ந்து, "தேதி நினைவிருக்கிறதா, ஆண்ட்டி?" என்றாள்.

சாந்தினிக்கு நினைவிருந்தது. மூன்று தேதிகளையும் சொன்னார். என்ன கஞ்சி என்பதையும் சொன்னார்.

அமீரா போன பிறகு அலாவுதீன் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பின்பக்கம் தனுஜா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் ஊத்தினேன்மா. அவங்க வேணாம்னுட்டாங்க. நீங்க வருத்தப்படுவீங்கன்னு கழுவிக் கொண்டாந்தேன்."

"பூண்டு போட்ட கஞ்சி" என்றார் புஷ்பவள்ளி.

வேலைக்குக் கிளம்பிய சுகுமாரன் வழக்கத்துக்கு மாறாகப் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, வாசலிலேயே நின்றார்.

"வாய் வரல அண்ணி."

"நீங்க சொன்னதுல என் வீடு போயிருக்கும் தம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படி சொன்னீங்க?"

"அந்த நேரத்துல தெரியல. சொன்னதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சிச்சி."

புஷ்பவள்ளி அவரை நிமிர்ந்து பார்த்தார். அதே கேள்வியிடம் முதலில் தோற்றது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. "போயிட்டு வாங்க, ஐஸ் கரையப்போவுது" என்றார்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. குடும்பத் தலைவர்: புஷ்பவள்ளி. உறுப்பினர் எண்ணிக்கை: இரண்டு. அவர் வாழ்நாளில் தலைவர் என்று பெயர் போட்டு வந்த முதல் கடிதம். அதைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்து, மசாலாக் கடைக்கு எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்கக் கூடவே வைத்திருந்ததில் கடிதம் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்குப் பேருக்கு ஒரு விலை உண்டு, மாதா மாதம் தவணை கட்டவேண்டும், கட்டடம் எழும்ப மூன்று வருஷமாகும், அது நாலாகலாம். எல்லாம் கடிதத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்து அவருக்கு எப்போதுமே தெரியும்.

வீடு தேர்ந்தெடுக்க ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். கம்பத்து முனையில் ஒரு கண்டெய்னரை ஆப்பீஸாக மாற்றி ஏர்கான் வைத்திருந்தார்கள். மேசையில் அமீரா. சுகுமாரனும் சாந்தினியும் காலையிலேயே வந்து ஏழாம் மாடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"கட்டடத்தில் ரெண்டு புளோக் இருக்கிறது ஆண்ட்டி. உங்கள் கொழுந்தன் வீடு இருப்பது ஏ. நீங்கள் பியில் எடுத்துக்கொள்கிறீர்களா? தூரமாக இருக்கும், முகம் பார்க்கவேண்டாம்" என்றாள் அமீரா. அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு.

தனுஜா உடனே, "பி எடுங்கமா" என்றாள்.

புஷ்பவள்ளி வரைபடத்தைக் கிட்டே இழுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைக் காகிதத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். நீலக் கோடுகள், கட்டங்கள், எண்கள். கட்டங்களுக்கு நடுவே சுவர்கள் தடிமனாக இருந்தன. சிமெண்ட் சுவர். பேசினால் கேட்காது.

"ஏ" என்றார்.

"அம்மா!"

"அந்தாளு சக்கரை வியாதிக்காரரு. ஐஸ் லாரியில ஏறி எறங்கி கால் புண்ணா கெடக்கு. அவருக்கு ஒன்னுன்னா சாந்தினி அடுத்த புளோக்குக்கா ஓடிவரும்?"

"ஓடி வரவே வராதுமா அது."

"வராது. அதான் கிட்ட இருக்கணும்."

அமீராவுக்கு அம்மாவும் மகளும் பேசியது புரியவில்லை. பட்டியலைப் பார்த்தாள். "ஏயில் அதே மாடியில், எதிர் வீடே இருக்கிறது. எதிரும் எதிருமாக."

"ஐயோ, வேணாம்" என்றார் புஷ்பவள்ளி.

"அப்படியென்றால் ஆறாம் மாடியும் எட்டாம் மாடியும் இருக்கின்றன. ஒன்று அவர்களுக்கு நேர் கீழே, ஒன்று நேர் மேலே. எது?"

புஷ்பவள்ளி அதற்கு யோசிக்கவே இல்லை.

"மேல."

அமீரா திரையில் எட்டாம் மாடியைத் தொட்டாள். ஒரு கட்டம் சிவப்பாகி, கீழே ஒரு வரி முளைத்தது. "இந்த மாடி வேண்டும் என்பதற்குக் காரணம் போடவேண்டும், ஆண்ட்டி. கட்டாயம்."

புஷ்பவள்ளி காரணத்தைச் சொன்னார். மலாயில், நிறுத்தி நிதானமாக, அந்தக் கருவாட்டு வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்து வாசனை மேலேதான் ஏறும் என்பதுவரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்த அமீரா உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை மேசையைப் பார்த்தாள். பிறகு அந்த வரியில், நல்ல திட்டமிடல் மொழியில், இரண்டு சொல் தட்டினாள்.

சிறந்த காற்றோட்டம்.